உப்பும் சர்க்கரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பரும் வள்ளுவரும் பேசப்பெறுவர், இசையரங்கு நிகழும், நம் குழந்தைகள் நாடகம் ஆடுவர். இவ்வாண்டு, பல்கலைக்கழகங்களில் நிகழும் ஆராய்ச்சிகளைப் பற்றி எளிய தமிழில் ஒருவர் எடுத்துரைத்தல் நலம் எனச் செயற்குழுவினர் கருதினர். அப்பணி நம்மிடம் வந்து சேர்ந்தது. நாம் பயின்றதோ மெட்ரிகுலேஷன் வரையில். பார்ப்பதோ இரயில்வேயில் குமாஸ்தா வேலை. இந்தக் கரக்பூரில் ஐ.ஐ.டி.யின் மதிலுக்கு இப்பால் நின்று அதன் கோபுரத்தைப் பார்ப்பதோடு நமக்கும் உயர்கல்விக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. ஆயினும் ஓய்வு நேரங்களில் படித்தும், படித்தவர்களைக் கேட்டும் அறிந்தவற்றைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. அந்த இன்பத்தை முன்னிட்டே ஒப்புக்கொண்டோம்.

பத்து ஆராய்ச்சிகளைப் பற்றிப் பத்துப் பத்து வரி கூறுவதைக் காட்டிலும், ஒன்றனைப் பற்றி உருப்படியாகக் கூறுதல் நன்று என்று தோன்றிற்று. அதுவும் மருத்துவம், பௌதிகம், மக்களின் பழக்கவழக்கம் ஆகிய மூன்று துறைகளும் வந்து கலக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அப்படிப்பட்ட பொருள் எது என்று தேடியபொழுது, நம் வீட்டு அடுக்களையிலேயே அது இருந்தது. உப்பும் சர்க்கரையுமே அது. பேதி கண்ட குழந்தைக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் அந்தக் கரைசலை ஓ.ஆர்.எஸ். என்று மருந்துக் கடையில் கேட்கிறோம். கேட்ட மாத்திரத்தில் இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று சிலர் நகைக்கக்கூடும். இதற்குப் பின்னே ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி நிற்கிறது. அதில் பெரும்பகுதி, நமக்குச் சோறிடும் இந்த வங்காள மண்ணிலேயே நடந்தது.

காலரா என்னும் வாந்திபேதி வங்கக் கடலோரத்துக் கழிமுக நாட்டை ஆதி வீடாகக் கொண்ட நோய். 19ஆம் நூற்றாண்டில் அது கப்பலேறி உலகைச் சுற்றியது. 1854இல் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், பிராட் தெருவில் இருந்த ஒரு குழாய்க் கிணற்றைச் சுற்றியே சாவுகள் மிகுந்திருப்பதைக் கணக்கெடுத்துக் காட்டி, இந்நோய் தண்ணீரின் வழியே பரவுகிறது என நிலைநாட்டினார். நோய்க் கிருமியைத் தேடி ஜெர்மன் அறிஞர் இராபர்ட் காக் 1883ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தார். (இன்று கொல்கத்தா என்பதே அந்நகரின் பெயர், பழகிய வாய்க்குக் கல்கத்தா என்றே வருகிறது, பொறுத்தருள்க.) காற்புள்ளி போல் வளைந்த அக்கிருமியைப் பிரித்தெடுத்து, 1884இல் உலகுக்கு அறிவித்தார்.

கிருமி கிடைத்துவிட்டது. ஆனால் அது ஆளை எப்படிக் கொல்கிறது என்பது தெரியவில்லை. அதன் பின் 75 ஆண்டுகள் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. விலங்குகளுக்கு இரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள்; வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள்; மனிதனுக்கு வருவது போன்ற பேதி உண்டாகவில்லை.

விடை கண்டவர் ஒரு வங்காளி. பெயர் சம்பு நாத் தே. ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்னும் சிற்றூரில் 1915இல் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அவர் செய்தது மிக எளிய செயல். கிருமி குடலில்தான் வாழ்கிறது. ஆதலின் அதைக் குடலிலேயே வைத்துப் பார்ப்போம் என்றார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அத்துண்டு நீர் நிரம்பிப் பருத்திருந்தது. இது 1953இல். அதன் பின் இன்னும் ஓர் அடி வைத்தார். கிருமிகள் வளர்ந்த நீரை, கிருமி ஒன்றும் இல்லாதபடி வடிகட்டி, அந்த வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்பொழுதும் குடல் நீரால் நிரம்பிற்று. அப்படியாயின் கொல்வது கிருமியின் உடலன்று. அது வெளியிடும் ஒரு நஞ்சு என்பது தெளிவாயிற்று. 1959இல் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் இது வெளிவந்தது.

இவரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும் என்று நெஞ்சம் விழைகிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் துறைக்குத் தலைவராக இருந்து, 1973இல் ஓய்வு பெற்று, 1985இல் மறைந்தார். 1978இல் நோபெல் நிறுவனம் ஸ்டாக்ஹோமில் கூட்டிய கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், தே அவர்களின் பெயரை அப்பரிசுக்கு முன்மொழிந்தார். வெளிநாட்டார் இவ்வளவு மதித்தனர். நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களோ, அவர் உயிரோடு இருந்த நாள்வரை, உறுப்பினர் என்னும் சிறு சிறப்பைக்கூட அவருக்கு அளிக்கவில்லை. அவர் மறைந்தபின் 1990இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழ் அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. இது நம் நாட்டு வழக்கம் போலும்!

இனிப் பௌதிகத்தின் பக்கம் செல்வோம். தாய்மார்களுக்கு இது புதிதன்று. மாங்காயை நறுக்கி உப்பிட்டு ஜாடியில் போட்டுவைத்தால் மறுநாள் நீர் விட்டிருக்கிறது அல்லவா? அந்நீரை நாம் ஊற்றவில்லை. மாங்காயின் உள்ளிருந்து உப்பு வெளியே இழுத்தது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் அது பருக்கிறது. அங்கே உள்ளிருக்கும் சர்க்கரை நீரை உள்ளே இழுக்கிறது. மெல்லிய சவ்வு ஒன்று நடுவே இருக்குமாயின், உப்போ சர்க்கரையோ எப்புறம் மிகுதியோ அப்புறம் நீர் செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்று பாடநூல்கள் கூறும். குடலின் சுவரும் அத்தகைய சவ்வே. காலரா நஞ்சு அச்சுவரில் உள்ள உயிரணுக்களைத் தூண்டி உப்பை ஓயாமல் வெளியே கொட்டச் செய்கிறது. உப்பின் பின்னே நீர் ஓடுகிறது. நோய் முற்றிய ஒருவர்க்கு மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் நீர் போகக்கூடும். காலையில் பிளாட்பாரத்தில் நடந்தவர் மாலையில் பிணமாவது இதனாலேதான். காலராவில் மனிதன் இறப்பது நீர் வற்றி.

நீர் போனால் நீர் ஊற்றலாமே என்பீர்கள். வெறும் நீரை ஊற்றினால் நோயுற்ற குடல் அதை ஏற்பதில்லை. உப்பு நீரை ஊற்றினாலும் ஏற்பதில்லை. ஆகவே இரத்தக் குழாயில் ஊசி ஏற்றி உப்பு நீர் செலுத்துவதே வழி என்று மருத்துவர் இருந்தனர். அதற்கு ஊசி வேண்டும், கொதிக்க வைத்துத் தூய்மை செய்த நீர் வேண்டும், பயின்ற கை வேண்டும், கட்டில் வேண்டும். ஏழைகளின் ஊரில் இவை எங்கே?

1960ஆம் ஆண்டு ஆகஸ்டில், பிராக் நகரில் கூடிய ஓர் அறிஞர் கூட்டத்தில், இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஒரு கருத்தை வெளியிட்டார். அவர் காலராவைப் பற்றிப் பேசவே இல்லை. குடல் சர்க்கரையை எவ்வாறு உறிஞ்சுகிறது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். குடற்சுவரில் ஒரு வாயில் உண்டு. அதன் வழியே குளுக்கோஸ் தனியே செல்ல இயலாது. உப்பின் சத்தாகிய சோடியத்தையும் உடன் அழைத்துக்கொண்டே செல்லும் என்பது அவர் கண்டது. இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ் என்பது கணக்கு. நம் இரயில்வே மொழியில் சொன்னால், இருவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். ஒருவர் வாராவிடில் மற்றவரை வாயிற்காப்பவர் உள்ளே விடார். இருவரும் சேர்ந்து உள்ளே சென்றால், நீர் தானே பின்தொடரும்.

இப்பொழுது இரண்டையும் இணைத்துப் பாருங்கள். காலரா நஞ்சு வெளியே கொட்டும் வாயிலைத் திறந்துவிடுகிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் கைகோத்து உள்ளே செல்லும் அந்த வாயிலை அது தொடுவதில்லை! குடலின் உட்சவ்வு காலராவில் உரிந்து அழிந்துபோகிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தது தவறு என்பதும் அந்த ஆண்டுகளிலேயே மெய்ப்பிக்கப்பெற்றது. ஆதலின், உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்தால், போகிற வெள்ளம் போகட்டும், வேறு வழியாக நீரை உள்ளே சேர்த்துவிடலாம்.

இதற்கு முன்னரே, 1953இல், ஹேமேந்திர நாத் சட்டர்ஜி என்னும் கல்கத்தா மருத்துவர், கடுமை குறைந்த காலரா நோயாளிகள் 186 பேருக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியே கொடுத்து நலம் பெறச் செய்ததை ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஏன் அது பலிக்கிறது என்ற காரணம் அப்பொழுது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளர் குழுவும் அவரிடம் இல்லை. உலகம் அதைப் படித்துவிட்டு மூடி வைத்தது.

1960களின் நடுவில் இரண்டு இடங்களில் வேலை மும்முரமாயிற்று. ஒன்று தாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சிக் கூடம். மற்றொன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திய ஆராய்ச்சி நிலையம். தாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் என்னும் இரு இளம் மருத்துவர்களும் அவர்தம் வங்காளத் தோழர்களும் சேர்ந்து, நோயாளிக்கு எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு உள்ளே கொடுத்தல் வேண்டும் என்ற அளவு முறையைக் கையாண்டனர். 1968இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஊசி வழியே செலுத்த வேண்டிய நீரின் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. கல்கத்தாவிலும் அதே முடிவு கிட்டிற்று. எனினும் இது ஆஸ்பத்திரியில், மருத்துவர் கண்ணெதிரே நடந்தது. ஊராரிடம் கொடுத்தால் ஒழுங்காகக் கலக்குவார்களா? அளவு தவறினால் ஆபத்தன்றோ? பெரிய மருத்துவர்கள் தலையசைக்கவில்லை.

1971 வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து வந்தனர். சியால்தாவிலிருந்து வண்டியேறிச் செல்லும் பன்காவ் உங்களிற் பலர்க்குத் தெரிந்த ஊரே. அவ்வூரைச் சுற்றி மட்டும் மூன்றரை இலட்சம் பேர் தங்கினர். மழை பிடித்துக்கொண்டது, காலரா புகுந்தது. அங்கிருந்த சிறு ஆஸ்பத்திரியில் 16 கட்டில்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்திலிருந்து திலீப் மகாலனோபிஸ் என்னும் மருத்துவர் ஜூன் மாதம் அங்கே சென்றார். தரையெங்கும் நோயாளிகள், கால் வைக்க இடமில்லை. ஊசி வழியே செலுத்தும் சலைன் இருப்பு தீர்ந்துகொண்டே வந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்கள் இருவரே.

அந்நிலையில் அவர் ஒரு முடிவு செய்தார். நெறி நூல் இடங்கொடாத முடிவு. கல்கத்தாவில் நிலையத்தின் நூலக அறையைக் கலவை அறையாக்கினர். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா எனக் கணக்கிட்டு, பாலிதீன் பைகளில் நிரப்பி, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டிப் பன்காவுக்கு அனுப்பினர். அங்கே குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் தாயிடமோ தமக்கையிடமோ கணவனிடமோ குவளையைக் கொடுத்து, கேட்கும்பொழுதெல்லாம் புகட்டுங்கள் என்றார். செவிலியர் இல்லாத இடத்தில் உறவினரே செவிலியராயினர். எட்டு வாரங்களில் 3,700 பேர்க்குமேல் சிகிச்சை பெற்றனர். முன்னர் நூற்றுக்கு 20, 30 என்று மடிந்துகொண்டிருந்தனர். இப்பொழுது நூற்றுக்கு 4 பேர்க்கும் குறைவு.

அளவு தவறுமே என்று அஞ்சியவர்களுக்கு அந்தக் கூடாரத்துத் தாய்மார்களே விடை கொடுத்தார்கள். 1978இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை உலகெங்கும் பரப்பத் திட்டம் வகுத்தது. இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது விளங்கக்கூடும் என்று ‘லான்செட்’ அவ்வாண்டில் தலையங்கம் எழுதியது. மகாலனோபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த ஆண்டு, மறைந்தபின், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பெற்றது.

பின்னாளில் கலவையையும் திருத்தினார்கள். பழைய கரைசலின் செறிவு 311 என்றால், 2002இல் அதை 245 ஆகக் குறைத்தனர். உப்பும் சர்க்கரையும் குறைந்தால் குடல் எளிதில் உறிஞ்சுகிறது. பேதியும் வாந்தியும் குறைகின்றன. இன்றைய உறையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உள்ளன. மாங்காய் ஜாடியை மறந்துவிடாதீர்கள். சர்க்கரை மிகுந்த பானத்தைக் கொடுத்தால், அது குடலினுள் இருந்துகொண்டு உடலின் நீரை இழுக்கும், பேதி மிகும். இனிப்பு நிறைந்த பானங்கள் சில, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் சூட்டிக்கொண்டு கடைகளில் விற்கப்பெற்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அதனைத் தடுத்து ஆணையிட்டது. தம் குழந்தைகளிடம் வந்த தாய்மாரை எச்சரித்து, ஆண்டுக் கணக்கில் இதற்காகப் போராடியவர் ஐதராபாத்தில் உள்ள ஒரு குழந்தை மருத்துவர் என்பதை நன்றியுடன் குறிப்பிடல் வேண்டும்.

நம் பாட்டிமார் பேதிக்கு உப்பிட்ட நொய்க் கஞ்சி கொடுத்தார்களே, அது என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க நினைப்பது தெரிகிறது. அரிசியின் மாச்சத்து குடலில் குளுக்கோஸாகவே மாறுகிறது. 1980களில் தாக்கா ஆராய்ச்சியாளர், அரிசி மாவில் ஆக்கிய கரைசலும் காலராவில் நன்றாகப் பயன்படுவதைக் கண்டனர். பாட்டிமார் காரணம் கூறவில்லை, கஞ்சியைக் கொடுத்தனர். ஆயினும் வேறு சில பாட்டிமார், குடிக்கக் குடிக்கப் போகும் என்று சொல்லித் தண்ணீரையே நிறுத்தினார்களே, அதையும் மறைத்தல் ஆகாது.

இங்கேதான் மூன்றாவது துறை வருகிறது. மருந்து கிடைத்துவிட்டது, மனிதர் அதைக் கொள்ள வேண்டுமே! 1980 முதல் பத்தாண்டுகள் வங்காள தேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் செய்த வேலை வியக்கத்தக்கது. பெண் ஊழியர்கள் கிராமந்தோறும் வீடுவீடாகச் சென்று, ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில், தாய்மாருக்கு நேரில் செய்து காட்டிக் கற்பித்தனர். அரை சேர் நீர், மூன்று விரல் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம். உறை வாங்கப் பணமில்லாதவர்க்கு அதுவே மருந்து. ஊழியருக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? எத்தனை வீடு ஏறினார் என்பதைக் கொண்டு அன்று. ஒரு மாதம் கழித்து வேறொருவர் சென்று, அத்தாய்மாரில் சிலரைக் கேள்வி கேட்பார். தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாளோ அதற்கேற்ற ஊதியம்! நம் அலுவலகங்களில் இம்முறை வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

தொடக்கத்தில் தாய்மார் பாடத்தை ஒப்புவித்தனர்; ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபொழுது பலர் கரைத்துக் கொடுக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில், கற்பித்த ஊழியர்களே அதை முழுதும் நம்பவில்லை என்று தெரிந்தது. பின்னர் ஊழியர்களைத் தாக்காவுக்கு அழைத்துச் சென்று காரணத்தை விளக்கினர். கற்பிக்கும்பொழுதே தாமும் ஒரு வாய் குடித்துக் காட்டச் செய்தனர். வீட்டு ஆடவரையும் கூட்டிப் பேசினர். அதன் பிறகே பயன் பெருகியது.

நோயைத் தடுக்கும் வழிகளிலும் பல்கலைக்கழகத்தார் மக்கள் பழக்கத்தையே ஆராய்ந்தனர். கராச்சியின் ஏழை மக்கள் குடியிருப்புகளில், வாரந்தோறும் சென்று சோப்புக் கொடுத்துக் கை கழுவும் பழக்கத்தை ஊக்கிய வீடுகளில், சிறுவர்க்கு வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்தது; ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குக் கபவாத சுரம் 50 விழுக்காடு குறைந்தது. இது 2005இல் வெளிவந்த முடிவு.

இன்னொன்று நம் பெண்மணிகளுக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா கோல்வெல் அம்மையார், குளத்து நீரில் மிதக்கும் கண்ணுக்கெட்டாச் சிற்றுயிர்களைக் காலராக் கிருமி பற்றிக்கொண்டு வாழ்வதைக் கண்டவர். கிருமி துணியில் தங்காது. ஆனால் அது ஏறியிருக்கும் சிற்றுயிர் தங்குமன்றோ? வங்காள தேசத்தில் மத்லப் என்னும் வட்டாரத்தில், பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார். புதுச் சேலையைவிடப் பழஞ்சேலையே சிறந்தது. துவைத்துத் துவைத்து நூல் நைந்து கண்கள் அடைபட்டிருக்கும். 2003இல் வெளியான முடிவு: காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பச் சென்று பார்த்தபொழுது, கற்றவர்களில் நூற்றுக்கு 31 பேர் இன்னும் வடிகட்டிக்கொண்டிருந்தனர். ஊக்குவோர் போனபின்னும் மூன்றில் ஒரு பங்கு நிற்கிறது என்று மகிழ்வதா, மற்ற இரண்டு பங்கு விட்டுவிட்டது என்று வருந்துவதா? நம் காலனிக் குழாய்களில் துணி கட்டுவோர் உண்டு. ஒற்றை மடிப்புத் துணி மண்ணைத்தான் தடுக்கும். கொதிக்க வைத்த நீருக்கு நிகர் வேறில்லை.

இனி அண்மைச் செய்தி. இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,40,000 பேர் இன்றும் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர். நம் நாட்டில், 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 61 பேர்க்கே ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பெற்றது. மருந்தோ மலிவு, எங்கும் கிடைக்கிறது. மருத்துவர்க்கும் இதன் சிறப்புத் தெரியும். பின் ஏன் அவர்கள் எழுதிக் கொடுப்பதில்லை?

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் டியூக் பல்கலைக்கழகத்தாரும் கூடி, கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் தனியாக வைத்தியம் செய்வோர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் இதை ஆராய்ந்தனர். முடிவு 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பி, ‘வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி’ என்று சொல்லச் செய்தனர். சிலர் எதுவும் கேட்கவில்லை. சிலர் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா என்று தாமே விருப்பம் தெரிவித்தனர். சிலர், மருந்தை வேறிடத்தில் வாங்கிக்கொள்வோம் என்றனர். இதனால் மருந்து விற்கும் இலாபத்துக்கு அங்கே இடமில்லை. இன்னொரு புறம், வைத்தியர்களில் ஒரு பாதியினர்க்கு உறைகளை முன்கூட்டியே கொடுத்து, சரக்கு இல்லை என்ற குறையையும் போக்கினர்.

நாம் என்ன நினைப்போம்? இலாப ஆசையே காரணம் என்று நினைப்போம். அது நூற்றுக்கு 5 பங்குதான் என்று தெரிந்தது. சரக்கு இல்லாமை 6 பங்கு. நோயாளிக்கு இது பிடிக்காது என்று வைத்தியர் எண்ணிக்கொண்டிருப்பதே 42 பங்கு! நோயாளி தானாகக் கேட்டபொழுது, எழுதிக் கொடுத்தல் 27 புள்ளி உயர்ந்தது. உப்பும் சர்க்கரையும் எழுதிக் கொடுத்தால், இவரும் ஒரு டாக்டரா என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள் என்று அவர் அஞ்சுகிறார். அவர் தம்மை மதிக்கும் மருந்தை எழுதுவதாக நாம் எண்ணுகிறோம். அவரோ நாம் மதிக்கும் மருந்தை எழுதுகிறார்.

சென்ற மழைக்காலத்தில் நம் குடியிருப்பில், மாற்றலாகிப் புதிதாக வந்த ஒரு தம்பியின் குழந்தைக்குப் பேதி கண்டது. அக்கம்பக்கத்து மாமிமார், பல் முளைக்கும் பேதி, தண்ணீர் கொடாதே என்றனர். ஒரு மருத்துவர் ஊசி போட்டு மூன்று வகைச் சீசாக்களை எழுதினார், ஓ.ஆர்.எஸ். எழுதவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் குழந்தையின் கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. இரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தது. அந்தத் தம்பியின் மனைவிக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. கையில் ஓர் உறை கிடைத்திருந்தாலும் அதன் மேல் எழுதியதை அவர் படித்திருக்க முடியாது.

ஆதலின் செய்முறையைத் தெளிவாகக் கூறுவோம். உறையின் மேல் எத்தனை லிட்டருக்கு என்று எழுதியிருக்கிறதோ அத்தனை கொதித்து ஆறிய நீரில் முழு உறையையும் கொட்டிக் கரைத்தல் வேண்டும். பாதி உறை, கால் உறை என்று பங்கிடலாகாது. பாலிலோ பழச்சாற்றிலோ கரைத்தலும், மேலும் சர்க்கரை சேர்த்தலும் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குப்பின் கொட்டிவிடுக. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர். மூத்த குழந்தைக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் ஸ்பூனால் மெல்ல மெல்லப் புகட்டுக. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தற்க. உறை கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. துத்தநாக மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, 10 முதல் 14 நாள் வரையில் கொடுக்க வேண்டும். பேதி நின்றுவிட்டது என்று இடையில் விடுதல் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் கழியாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், வீட்டு வைத்தியம் போதாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

மருத்துவரிடம் போனால், ‘ஐயா, ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?’ என்று முதலில் நீங்களே கேளுங்கள்.

செயற்குழுவினர் இசைந்து, இருநூறு உறைகள் வாங்கப்பெற்றுள்ளன. ஒவ்வொன்றிலும் இச்செய்முறையை எழுதிய தமிழ்ச் சீட்டை நம் சங்கத்து மாணவியர் ஒட்டியிருக்கின்றனர். அவை நூலகத்து முன்மேசையில் உள்ளன. வீட்டுக்கு இரண்டாக இன்றே எடுத்துச் செல்லலாம். இரவில் தேவைப்படுவோர் சங்கக் காவலரை எழுப்பிக் கேட்கலாம். சாவி அவரிடம் கொடுக்கப்பெற்றிருக்கிறது.